டச்சிங் அக்கா மகளின் முன்பல்

அந்த ஸ்டுடியோவில் போட்டோ எடுக்க ஒருவர், பிரிண்ட் போட ஒருவர், கல்லாவில் உட்கார்ந்து எல்லோரையும் விரட்ட ஒரு முதலாளி. ஆனால் வருகிறவர்கள் தேடுவது நாலாவது ஆளைத்தான். பின்பக்கம் பிளைவுட் தடுப்புக்குள், ஜன்னல் இல்லாத மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு 'டச்சிங் அக்கா' என்று பெயர். அவளைவிட மூத்தவரான முதலாளிகூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எடுத்த படத்தில் உள்ள பரு, தழும்பு, கருவளையம், சட்டைக் கறை எல்லாவற்றையும் நீக்கி, ஆளை நாலு பேர் பார்க்கும்படி ஆக்குகிற வேலைக்குத்தான் அந்தக் கடைகளில் டச்சிங் என்று சொல்வார்கள்.

வேலையில் அவள் கெட்டிக்காரி. வாய் அதைவிட. "இவருக்கு டச்சிங் பத்தாது சார், வேற ஆளத்தான் கூட்டிட்டு வரணும்" என்று தடுப்புக்குள்ளிருந்து குரல் வரும். முதலாளி இருமி மறைப்பார். வந்தவரோ அரை மணி நேரம் கழித்துப் படத்தைப் பார்த்து, இத்தனை நாள் தன் அழகு தனக்கே தெரியாமல் போயிற்றே என்று பூரித்துப் போவார்.

பள்ளிக்கூட சீசன் வந்தால் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. வகுப்பு வகுப்பாக எடுத்த படங்கள் வந்து குவியும். எல்லாப் பிள்ளைகளையும் சிரிக்கச் சொல்லி எடுத்திருப்பார்கள். சிரித்தால் வாய்க்குள் இருப்பது தெரியத்தானே செய்யும்? பாதிப் பிள்ளைகளுக்கு முன்பல் சொத்தை. யாரும் கேட்காமலே அவள் அத்தனை பல்லையும் வெள்ளையாக்கி அனுப்புவாள். பக்கத்தில் உள்ள நல்ல நிறத்தை எடுத்துக் கறுப்பின் மேல் பூசினால் வேலை முடிந்தது. தாய்மார்கள் படத்தை வாங்கிப் போய்ச் சுவரில் மாட்டிக்கொள்வார்கள். வீட்டில் பிள்ளையின் வாயை யாராவது திறந்து பார்த்தார்களா என்பது எனக்குத் தெரியாது. யாரையும் குறை சொல்ல வரவில்லை. சொல்ல வந்தது அவளைப் பற்றித்தான்.

அவளுடைய கணவன் லிஃப்ட் மெக்கானிக். அடுத்தவர் வீட்டு லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன் குடியிருந்தது லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். முதல் மாடியில் அவனுடைய அக்கா ஒற்றை அறையில் தையல் மிஷின் வைத்துத் துணி தைத்துப் பிழைத்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் அளந்து வெட்டின துணி மாதிரி இருக்கும், கூடவும் இராது, குறையவும் இராது. டச்சிங் அக்காவுக்கு அவள் அண்ணி, குழந்தைக்கு அத்தை.

குழந்தைக்கு இரண்டு மாதம் முன்புதான் மூன்று வயது முடிந்திருந்தது. செய்கிற அட்டகாசத்துக்கு எல்லோரும் வைத்த பெயர் வாண்டு. முன்பெல்லாம் டச்சிங் அக்கா அரை நாள் வேலைதான் பார்த்தாள். இந்த சீசனில் முழு நாளும் போக வேண்டி வந்தபோது, காலையில் வாண்டை முதல் மாடியில் விட்டுவிட்டு ஓடுவாள். இருட்டின பிறகுதான் திரும்புவாள். அதற்குள் அத்தை குழந்தைக்குச் சோறு ஊட்டி, பல் தேய்த்துவிட்டு, மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோய்த் தூங்கவும் வைத்திருப்பாள். ஆனால் அம்மா வந்த சத்தம் கேட்டால் போதும், வாண்டு எழுந்து குதிக்க ஆரம்பித்துவிடும்.

நாள் முழுக்க மானிட்டரைப் பார்த்துக் கண் எரிகிறவளுக்கு அதோடு மல்லுக்கட்டத் தெம்பு இருக்காது. அரை நாள் வேலை பார்த்த காலத்திலிருந்தே ராத்திரிக்கு அவள் கண்டுபிடித்த வழி ஒன்றுதான். பாட்டிலில் பாலை ஊற்றி, ஒரு கரண்டி சர்க்கரை போட்டு வாயில் வைத்துவிடுவாள். சப்பிக்கொண்டே குழந்தை தூங்கிவிடும். விடியும்வரை சில நாள் பாட்டில் வாயிலேயே கிடக்கும். கணவன் அதிகாலையில் கிளம்பவேண்டியவன் என்பதால் கூடத்தில் படுத்துக்கொள்வான். அவனுக்கு இது தெரியாது. பாட்டிலை நிறுத்தியாகிவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தான். நிறுத்திவிட்டேன் என்று சொன்னவளும் அவள்தான்.

இனி வாண்டின் படங்களைப் பற்றி. மகளை அவள் எடுத்த படம் ஒன்றும் டச்சிங் செய்யாமல் யார் கண்ணிலும் பட்டதில்லை. முதலாளி வேலை முடிந்ததும் கேமராவை எடுத்துக்கொள்ள விடுவார். எடுத்ததை மறுநாள் தன் மூலையில் வைத்துச் சரிசெய்து, பழையதன் மேலேயே சேமித்துவிடுவாள். மெமரி கார்டு மறுநாளே அழிந்து வேறு ஆட்களின் முகங்களால் நிரம்பிவிடும்.

வாண்டு மழைக்கோட்டு போட்டு நின்ற படத்தில் முதல் தடவை அதைப் பார்த்தாள். மேல் வரிசை நடுப்பல் இரண்டிலும் ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தடவினாற்போல் மெல்லிய வெள்ளைக் கோடு. ஃபிளாஷ் வெளிச்சம் பட்டிருக்கும் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் கை அதைத் துடைத்துவிட்டது. ஊஞ்சலில் எடுத்த படத்தில் கோடு அகலமாகி, பக்கத்துப் பற்களிலும் லேசாகத் தெரிந்தது. அதையும் துடைத்தாள். பிறந்தநாள் படத்தில் கோடு மஞ்சளாகி, நடுப்பல் ஒன்றின் ஓரம் உதிர்ந்திருந்தது. அன்றைக்குக் கை நின்றது. மவுஸை விட்டு விரலை எடுத்து, திரையில் பெரிதாகத் தெரிந்த அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பக்கத்திலிருந்து முதலாளி, "அக்கா, அந்த பாஸ்போர்ட் சைஸ் முடிஞ்சுதா?" என்றார். பால் பல்தானே, எப்படியும் விழுந்து முளைக்கப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துடைத்தாள். அந்தப் படத்தைத்தான் கணவன் போனில் ஸ்டேட்டஸாக வைத்துப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினான்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் அண்ணி படியில் நிறுத்திச் சொன்னாள். "குழந்தைக்கு மேல் பல்லுல என்னமோ இருக்கு. தேய்ச்சாலும் போகல. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டு வா."

தன் பிள்ளையைப் பற்றி இன்னொருத்தி சொல்வதா என்று சுருக்கென்றது அவளுக்கு. போனை எடுத்துப் பிறந்தநாள் படத்தை நீட்டினாள். "எங்க இருக்கு அண்ணி? நீங்களே பாருங்க, முத்து மாதிரி இருக்கு." அதைச் சொன்ன நொடியில் அவள் அதை நம்பவும் செய்தாள் என்பதுதான் வேடிக்கை. அண்ணி படத்தைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், சரி என்று உள்ளே போய்விட்டாள்.

பிறகு ஒருநாள் வாண்டு குளிர்ந்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் துள்ளித் துடித்து அழுதது. அப்பன்காரன் வாயைத் திறந்து பார்த்தான். நடுப்பல் இரண்டும் ஈறோரம் பழுப்பாகப் பள்ளம் விழுந்து கிடந்தன. மறுநாளே குழந்தைகளுக்கான பல் டாக்டரிடம் ஓடினார்கள். குழந்தை அத்தையின் கழுத்தை விடமாட்டேன் என்றதால் அவளும் கூட வந்தாள்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். அறை முழுக்கச் சிரிக்கும் யானையும் முயலும் ஒட்டியிருந்தன. சிரிக்கிற வேலையை அவற்றிடமே ஒப்படைத்துவிட்டார் போலிருக்கிறது, அவர் சிரிக்கவில்லை. பெரிய நாற்காலியைக் காட்டாமல் இரண்டு ஸ்டூலை எதிரெதிரே இழுத்துப் போட்டார்.

"அம்மா நீங்க இதுல உக்காருங்க. நான் எதிர்ல. நம்ம முட்டி ரெண்டும் ஒட்டணும். குழந்தை உங்க மடில இருந்து அப்படியே பின்னால சாஞ்சு, தலைய என் மடில வைக்கட்டும். எனக்கு அவ வாய் தெரியும், அவளுக்கு உங்க முகம் தெரியும். உங்க முகத்துல பயம் இல்லன்னா அவளும் பயப்பட மாட்டா."

அவள் உட்கார்ந்தாள். மடியில் மகளின் கால்கள், கைக்குள் மகளின் கைகள். டாக்டர் உதட்டை விரலால் தூக்கி விளக்கைத் திருப்பினார். திரையில் எத்தனையோ தடவை பெரிதாக்கிப் பார்த்த அதே பற்கள். வெளிச்சத்தில், எச்சில் ஈரத்தோடு, தன் மடியில் வைத்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவள் முகம் பேயறைந்தாற்போல் ஆயிற்று. அதைப் பார்த்துவிட்டு வாண்டு வீறிட்டது.

"நடுப்பல்லு ரெண்டும் சொத்தை. பக்கத்துல ரெண்டு வெள்ளையா ஆரம்பிச்சிருக்கு" என்றார் டாக்டர். "அந்த வெள்ளை கோடுதான் முதல் படி. அந்த கட்டத்துலயே வந்திருந்தா மருந்து தடவியே திருப்பியிருக்கலாம். தோண்டவே வேண்டியிருக்காது."

"பால் பல்லுதானே டாக்டர்?" என்றான் கணவன்.

"இந்த பல்லு விழ இன்னும் மூணு நாலு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இவ கடிக்கணும், பேசணும், தூங்கணும். சீழ் வச்சா உள்ள வளர்ற பல்லயும் கெடுத்துடும். பால் பல்லுன்னா சும்மா வந்துட்டு போறதில்ல." டாக்டர் கையுறையைக் கழற்றினார். "முன்னாடி எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா? பல்லு தெரியற மாதிரி? எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா எவ்வளவு வேகமா போகுதுன்னு புரியும்."

கணவன் பெருமையோடு போனை நீட்டினான். "ரெண்டு மாசம் முன்னாடி, பிறந்தநாளுக்கு. இவளே எடுத்தது."

டாக்டர் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். ஒரு புள்ளி இல்லை. டச்சிங் அக்கா இப்போதே வாயைத் திறந்து சொல்லிவிடலாம். அவ்வளவுதான், ஒரே ஒரு வாக்கியம். அவள் குழந்தையின் வாயோரத்து எச்சிலைத் துடைத்துவிட்டாள்.

"ரெண்டு மாசத்துலயா இவ்வளவு?" டாக்டரின் புருவம் உயர்ந்தது. "அப்படின்னா இது ரொம்ப வேகமா பரவுற ரகம். வெள்ளையா இருக்கற ரெண்டயும் நம்பி விட்டு வைக்க முடியாது. நாலு பல்லுக்கும் உறை போட்டுடணும். இந்த வயசுல இவ்வளவு வேலைய முழிச்சிருக்கும்போது செய்ய முடியாது. பெரிய ஆஸ்பத்திரில மயக்க மருந்து குடுத்து ஒரே தடவையா முடிச்சிடலாம். பயப்பட வேண்டாம். ஆனா அது சும்மா குடுக்கற மருந்தும் இல்ல. தேவை இருந்தாதான் குடுப்போம்." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இந்த ரெண்டு மாசத்துல என்ன மாறிச்சு? இனிப்பு? பாட்டில்ல பால்?" என்றார்.

"பாட்டில நிறுத்தி எவ்வளவோ நாளாச்சு டாக்டர்" என்றான் கணவன். பிறகு மெல்லத் திரும்பிக் கதவோரம் நின்றிருந்த அக்காவைப் பார்த்தான். "மாறினதுன்னா ஒண்ணுதான். இந்த ரெண்டு மாசமா பகல் பூரா குழந்தை எங்க அக்காகிட்ட இருக்கா."

"நான் பாட்டில் குடுக்கறதில்லடா" என்றாள் அவன் அக்கா.

"அப்ப தானா வந்துச்சா? பிறந்தநாள் அன்னைக்கு நல்லாதானே இருந்துச்சு, படத்துலதான் தெரியுதே."

அண்ணி டச்சிங் அக்காவை மட்டும் ஒரு தரம் பார்த்தாள். இவள் குழந்தையின் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள். செருப்பு குழந்தையின் காலில்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து வாண்டை முதல் மாடிக்கு அனுப்பக்கூடாது என்றான் கணவன். நல்லவன்தான். ஆனால் மகள் என்று வந்துவிட்டால் முன்பின் யோசிக்கமாட்டான். அதனால் அவள் குழந்தையை ஸ்டுடியோவுக்கே கூட்டிப்போனாள். மேஜைக்கு அடியில் பாயை விரித்து, வேண்டாத பழைய ஆல்பங்களைக் கொடுத்து உட்கார வைத்தாள். "அத்தகிட்ட எப்ப போறது?" என்று வாண்டு கேட்டுக்கொண்டே இருக்கும். காலையில் படியிறங்கும்போது முதல் மாடி நெருங்கினால் தையல் மிஷின் சத்தம் நின்றுபோகும். அவர்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் மறுபடி கேட்கும். ஒருநாள் குழந்தை கையை உதறிவிட்டு ஓடி அந்தக் கதவைத் தட்டியது. டச்சிங் அக்கா அதைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டாள். திருடின சாமானை எடுத்துக்கொண்டு ஓடுகிறவளாகத் தன்னை நினைத்துக்கொண்டாள். உள்ளே அழுகை முட்டியது. அழவும் வெட்கமாக இருந்தது, அழவேண்டியவள் தான் இல்லை என்பதால்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே பாட்டிலைக் குப்பையில் போட்டிருந்தாள். இரவெல்லாம் வாண்டு பாட்டில் கேட்டு அழுதது. "பகல்ல அங்க குடுத்து பழக்கியிருக்காங்க, அதான்" என்றான் கூடத்திலிருந்து கணவன். அதற்கும் அவள் மூச்சு விடவில்லை. ஒரு பொய்யை வாயால் சொல்ல வேண்டியதுகூட இல்லை, சும்மா இருந்தாலே அது தன்பாட்டுக்கு வளர்கிறது என்று அப்போது அவளுக்குப் புரிந்தது.

வேலையிலும் கை ஓடவில்லை. பருவைத் துடைக்கும், தழும்பைத் துடைக்கும், பல் என்று வந்தால் விரல் நகராது. ஒரு வகுப்புப் படம் அப்படியே பிரிண்டுக்குப் போய்விட்டது. முதலாளி தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்னக்கா, ஒரு கிளாஸே சொத்தைப் பல்லோட போயிருக்கு. ஸ்கூல்லேருந்து போன் மேல போன்."

"இருக்கறதுதான் சார் போயிருக்கு."

"இருக்கறத பாக்க எதுக்கு நம்மகிட்ட வர்றாங்க? வீட்ல கண்ணாடி இருக்கே" என்றார் அவர். தப்பாகச் சொல்லவில்லை. அவர் தொழில் அது. சாயங்காலம் ஒரு தாய் படத்தோடு வந்து, இது படத்தில் உள்ள அழுக்கா, பையன் பல்லிலேயே இருக்கிறதா என்று கேட்டாள். "பல்லுலதாங்க. இன்னைக்கே கூட்டிட்டு போய் காட்டுங்க, நாள் கடத்தாதீங்க" என்று டச்சிங் அக்கா சொன்னாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஊர்ப் பிள்ளைக்குச் சொல்ல வாய் வருகிறது. மேஜைக்கடியில் உட்கார்ந்திருப்பதற்கு?

இதற்கிடையில் போட்டோ எடுக்கிறவரிடம் ஜாடையாகக் கேட்டும் பார்த்தாள், பழைய கார்டில் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று. அசல் படம் ஒன்று கிடைத்தால், தான் ஒன்றும் சொல்லாமல் டாக்டர் மேஜையில் வைத்துவிடலாம், அவரே புரிந்துகொள்வார் என்று ஒரு நப்பாசை. அதெல்லாம் எப்போதோ அழிந்து அதன் மேல் நூறு கல்யாணம் ஏறிவிட்டதே என்று அவர் சிரித்தார். ஆக, சொல்வதானால் வாயால்தான் சொல்ல வேண்டும். வேறு வழியில்லை என்று ஆனபோதும் அவள் சொல்லவில்லை. நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே போனாள். மயக்க மருந்துக்குத் தேதி குறித்தாயிற்று.

அதற்கு முந்தைய நாள், எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல டாக்டர் வரச் சொல்லியிருந்தார். கணவனும் மனைவியும் குழந்தையும் போனார்கள். ராத்திரிக்கு மேல் ஒன்றும் கொடுக்கக்கூடாது, தண்ணீர்கூட எந்நேரம் வரைக்கும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே வந்தார். மருந்து மூக்கு வழியாகப் போகும், குழந்தை தூங்கும்வரை ஒருவர் கூட இருக்கலாம், அப்புறம் வெளியே வந்துவிட வேண்டும். முகத்தில் வைக்கிற ரப்பர் மூடியைக் காட்டினார். குழந்தைகளுக்கான சின்ன மூடி. வாண்டு அதை வாங்கித் தன் மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

"வேண்டாம்" என்றாள் டச்சிங் அக்கா. மூடியைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள். "டாக்டர், அந்த போட்டோ பொய். நான் துடைச்சது."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"என் வேலையே அதுதான். பல்லுல இருந்த கோட்ட நான்தான் அழிச்சேன். ரெண்டு மாசத்துல வந்ததில்ல இது. முன்னாலயே இருந்துச்சு, எனக்கு தெரியும்." நிறுத்தினால் மறுபடி தொடங்க வராது என்று பயந்து மூச்சு வாங்காமல் சொன்னாள். "பாட்டிலும் நான்தான் குடுத்தேன். ராத்திரில. சர்க்கரை போட்டு. அவங்க அக்கா குடுக்கல. அவங்க என்கிட்ட முன்னாடியே சொன்னாங்க, நான்தான் கேக்கல."

கணவன் போனை எடுத்து அந்தப் பிறந்தநாள் படத்தை மறுபடி திறந்து பார்த்தான்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார் டாக்டர். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "அசல் படம் இருக்கா?"

"இல்ல. ஆனா எனக்கு ஞாபகம் இருக்கு."

டாக்டர் நம்பாமல் ஒரு தாளையும் பேனாவையும் நகர்த்தினார். அவள் நாலு பல்லை வரைந்தாள். ஒரு தரம் அல்ல, அடுத்தடுத்து மூன்று வரிசை. மழைக்கோட்டுப் படத்தில் கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது, அப்போது எந்த மாதம், ஊஞ்சல் படத்தில் எந்தப் பல்லில் எவ்வளவு அகலம், பிறந்தநாளன்று எந்த ஓரம் உதிர்ந்திருந்தது. துடைத்த இடம் எதையும் அந்தக் கை மறந்திருக்கவில்லை. மகள் பல்லைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு உலகத்தில் யாருக்கும் தெரியாது. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் சும்மா இருந்திருக்கிறாள். வரைய வரைய அவளுக்கே தன்னைப் பிடிக்காமல் போயிற்று.

டாக்டர் மூன்று வரிசையையும் பேனா முனையால் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். "அப்ப இது முக்கால் வருஷமா மெதுவா வந்திருக்கு. பக்கத்து பல்லு ரெண்டும் ஊஞ்சல் படத்துல எப்படி இருந்துச்சோ இப்பவும் அப்படியேதான் இருக்கு. பாட்டில் எப்ப நின்னுச்சு?"

"அன்னைக்கு உங்ககிட்ட வந்துட்டு போனதுலேருந்து."

"திரும்ப ஒரு தடவ பாக்கறேன். உக்காருங்க."

மறுபடி ஸ்டூல்கள், மறுபடி முட்டியோடு முட்டி. டாக்டர் பஞ்சால் பல்லை ஒற்றி உலர்த்தி நிதானமாகப் பார்த்தார். பள்ளம் ஆழமில்லை, நரம்பைத் தொடவில்லை, மயக்க மருந்தும் உறையும் வேண்டாம், நடுப்பல் இரண்டையும் இன்றைக்கே சுரண்டி அடைத்துவிடலாம், மற்ற இரண்டுக்கும் மருந்து தடவி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கலாம் என்றார். சின்னக் கரண்டி போல ஒரு கருவியை எடுத்து முதலில் வாண்டின் விரல் நகத்தில் சுரண்டிக் காட்டினார். அது கூசுகிறது என்று சிரித்தது. அப்புறம் பல்லில் வைத்தார். சொத்தையின் மெத்தென்ற பகுதி துளித்துளியாக வந்தது. அதைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பசையைக் குழைத்துப் பள்ளத்தில் வைத்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வலிக்கவில்லை, ஆனால் வாயைத் திறந்தே வைத்திருக்கப் பிடிக்காமல் குழந்தை அழத் தொடங்கியது. அம்மாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, "அத்த, அத்த" என்று அழுதது.

அவள் கையை விடவில்லை. இந்தத் தடவை முகத்தையும் திருப்பவில்லை.

கடைசியாக மற்ற பற்களில் பிரஷ்ஷால் மருந்து தடவினார் டாக்டர். பிசுபிசுவென்று மஞ்சளாக இருக்கும், நாளைக்குத் தேய்த்தால் போய்விடும், இன்று ராத்திரி தேய்க்க வேண்டாம் என்றார். "திரும்ப வராதுன்னு நான் சொல்லல. தினம் ராத்திரி உதட்ட தூக்கி பாருங்க. கண்ணால பாருங்க."

வீடு வரும்வரை கணவன் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. கட்டடத்தின் வாசலில் வந்து நின்று, "அக்கா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்றான்.

"நான் போய் சொல்றேன். நீங்க குழந்தைய மேல கூட்டிட்டு போங்க."

முதல் மாடிக் கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் அண்ணி திறந்தாள். கழுத்தில் டேப் தொங்கியது. உள்ளே வா என்று சொல்லவில்லை. வழியை விட்டு மட்டும் நின்றாள். இவளும் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். படம், பாட்டில், டாக்டர், மயக்க மருந்து வேண்டாம் என்று ஆனது. இடையில் குரல் உடைந்தபோது அண்ணி தண்ணீர் கொடுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

"தெரியும்" என்றாள், எல்லாம் கேட்டு முடித்த பிறகு.

"என்ன அண்ணி?"

"பிறந்தநாள் அன்னைக்கு காலைல வாண்டு இந்த படில விழுந்து மூக்குத் தோல் உரிஞ்சு போச்சு. நான்தான் மருந்து போட்டேன். நீ காட்டின படத்துல மூக்கு பளபளன்னு இருந்துச்சு. மூக்க துடைச்சவ பல்ல விட்டிருப்பியா?"

"அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

"நான் சொன்னா தப்பிக்கறதுக்கு சொல்ற மாதிரி இருக்கும். நீ சொல்லுவன்னு நினைச்சேன். அங்கயே சொல்லுவன்னு நினைச்சேன். வர்ற வழில சொல்லுவன்னு நினைச்சேன். அப்புறம் தினம் காலைல நீ படி இறங்கறப்ப எல்லாம் மிஷின நிறுத்திட்டு உக்காந்திருந்தேன், இன்னைக்கு கதவத் தட்டுவன்னு." கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டினாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானே வந்து சொல்றதா இருந்தேன். குழந்தைய மயக்கத்துல போட விட்டிருப்பேனா?"

மன்னிச்சிடுங்க அண்ணி என்பதை ஏற்கெனவே நாலு தடவை சொல்லியாகிவிட்டது. ஐந்தாவது தடவை சொல்ல வாய் வரவில்லை.

"வாண்ட நாளைலேருந்து அனுப்பு" என்றாள் அண்ணி. "தம்பி கொண்டு வந்து விடட்டும். நீ வர வேண்டாம்."

"அண்ணி…"

"கொஞ்ச நாளைக்கு. எத்தன நாள்னு எனக்கு தெரியல. உன்ன பாத்தா கோவம் வருது. குழந்தை முன்னால அது வேண்டாம்."

மறுநாள் காலை கணவன்தான் வாண்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். டச்சிங் அக்கா வேலைக்குக் கிளம்பி, மூன்றாவது மாடிப் படியின் மேலேயே நின்றாள். கீழே கதவு திறந்தது. அக்கா என்று கணவன் ஏதோ சொல்லத் தொடங்கித் தடுமாறினான். சரிடா, நேரமாச்சு, நீ கிளம்பு என்றது அண்ணியின் குரல். அப்புறம் அது முற்றிலும் வேறு குரலாக மாறி, "எங்க, வாயத் திற பாக்கலாம்" என்றது. ஆ என்று நீளமாக வாண்டின் குரல் கேட்டது.

கதவு சாத்திக்கொண்டது. கணவன் தெருவுக்கு இறங்கிப் போனான். முதல் மாடியைத் தாண்டித்தான் அவளும் போக வேண்டும். மிஷின் ஓடுகிற சத்தம் வரும்வரை நிற்கலாம், அதற்கப்புறம் இறங்கினால் காலடிச் சத்தம் உள்ளே கேட்காது என்று நினைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.